வீட்டுக்குள் வந்துபோகும் சர்க்கார்

2024-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், அமெரிக்க ஐக்கிய நாட்டின் மத்தியப் புலனாய்வு ஸ்தாபனமான எஃப்.பி.ஐ., மாஸசூஸெட்ஸ் மாகாணத்து மத்திய நியாயஸ்தலத்தில் அனுமதி பெற்று, தன் தேசத்துப் பிரஜைகளின் வீடுகளிலும் சிறு அலுவலகங்களிலும் இருந்த பல நூறு ரவுட்டர்களுக்குள், கதவைத் தட்டாமலும் வாசற்படி ஏறாமலும், கம்பி வழியாகவே பிரவேசித்து, அங்கே அந்நியர்கள் ஒளித்து வைத்திருந்த திருட்டுச் சரக்கைப் பிரதி எடுத்துக்கொண்டு, மூலத்தை அழித்துவிட்டு, அந்த அந்நியர் வெளியிலிருந்து மறுபடி உள்ளே வர இயலாதபடி ஒரு தாழ்ப்பாளையும் போட்டுவிட்டு வெளியேறியது. நடந்த சமயத்தில் வீட்டுக்காரர்களுக்கு ஒன்றும் தெரியாது. காரியம் முடிந்த பிறகே உலகத்துக்குச் செய்தி வந்தது.

உள்ளே ஒளிந்திருந்தவர்கள் சாமானியத் திருடர்கள் அல்லர். ரஷ்ய ராணுவ உளவு இலாகாவில் 26165 என்ற இலக்கத்தால் குறிக்கப்படும் பிரிவினர் அவர்கள் என்றும், யாரோ சில்லறைத் திருடர்கள் ‘மூபாட்’ என்ற தீய நிரலைக் கொண்டு முன்னமே வசப்படுத்தியிருந்த யுபிக்விட்டி கம்பெனியின் ரவுட்டர்களை அவர்கள் தங்கள் காரியத்துக்கு உபயோகித்துக்கொண்டார்கள் என்றும் அமெரிக்க நீதி இலாகா அறிவித்தது. அத்தனை ரவுட்டர்களுக்கும் பொதுவாக இருந்த குறை ஒன்றுதான்: தொழிற்சாலையில் இட்டு அனுப்பிய, ஊரறிந்த கடவுச்சொல்லை வாங்கியவர் எவரும் மாற்றவில்லை. எஃப்.பி.ஐ. இதற்கென்று புதிதாக ஆயுதம் எதையும் செய்துகொள்ளவில்லை. மூபாட்டையே ஏவி, அதன் கையாலேயே சரக்கை அழிக்கச் செய்தது. முள்ளை முள்ளால் எடுத்த இந்தச் சாமர்த்தியத்தை மெச்சாமல் இருக்க முடியாது. ஆயினும் மெச்சிய வாயாலேயே ஒரு கேள்வியும் கேட்க வேண்டியிருக்கிறது. பிரஜையின் வீட்டுக்குள் இருக்கும் ஒரு யந்திரத்தில், அவருக்குத் தெரியாமல் சர்க்கார் கை வைக்கலாமா? வைக்கலாம் என்றால், யாரைக் கேட்டுக்கொண்டு?

நம் வீடுகளில் இந்த யந்திரம் வகிக்கும் ஸ்தானத்தைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம். இணைப்புக் கொடுக்க வரும் பையன் ஜன்னல் சட்டத்தின் ஓரமாகத் துளையிட்டுக் கண்ணாடி இழையை உள்ளே இழுத்து, டி.வி.க்கு மேலேயோ செருப்பு ஸ்டாண்டுக்கு மேலேயோ ஆணி அடித்துப் பெட்டியை மாட்டி, தன் கைப்பேசியில் 192.168 என்று தொடங்கும் விலாசத்தை அடித்து, பெயர் கேட்ட இடத்தில் ‘அட்மின்’ என்றும் கடவுச்சொல் கேட்ட இடத்தில் மறுபடியும் ‘அட்மின்’ என்றும் இட்டு உள்ளே போய், வைஃபைக்கு வீட்டுக்காரருடைய கைப்பேசி எண்ணையே கடவுச்சொல்லாக வைத்து, “நெட் வந்திடுச்சு சார்” என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுகிறான். அன்றோடு சரி; அதற்கப்புறம் அந்தப் பெட்டியை ஏறிட்டுப் பார்ப்பவர் இல்லை. வேகம் குறைந்தால் அணைத்துப் போடுவதைத் தவிர வேறு சிகிச்சையும் அதற்குக் கிடையாது. ஆனால் குடும்பத்தின் பாங்குக் கணக்கு, வைத்தியப் பரிசோதனை முடிவு, குழந்தையின் பாடம், வயது வந்த மகளின் பேச்சு, வாசலில் மாட்டிய காமிராவின் பார்வை ஆகிய எல்லாம் அந்த ஒரு பெட்டி வழியாகத்தான் போய் வருகின்றன. போதாக்குறைக்கு, இணைப்புக் கொடுக்கும் கம்பெனி தன் காரியாலயத்தில் இருந்தபடியே பெட்டியைத் திருத்தி அமைப்பதற்கு, 7547 என்ற இலக்கமுள்ள ஒரு தனி வாசலும் பல ரவுட்டர்களில் முதலிலிருந்தே உண்டு.

இந்த வாசல்களால் விளைந்த உபத்திரவத்துக்கு அந்நிய தேசம் வரை போக வேண்டியதில்லை. 2017-ஆம் ஆண்டு ஜூலை மாதக் கடைசியில், தொழிற்சாலைக் கடவுச்சொல்லோடு இருந்த பி.எஸ்.என்.எல். வாடிக்கையாளர்களின் மோடம்களைத் தேடித் தேடிச் செயலற்றவையாக ஆக்கிய ஒரு நிரல் சுமார் 60,000 பெட்டிகளை முடக்கியது என்று செய்திகள் கூறின. கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளுங்கள் என்று அந்த ஸ்தாபனம் வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது. அதற்கு முந்தைய வருஷம் ‘மிராய்’ என்ற நிரல், அறுபது சொச்சம் பெயர்-கடவுச்சொல் ஜோடிகளை மாத்திரம் கையில் வைத்துக்கொண்டு, உலகெங்கும் இருந்த லட்சக்கணக்கான காமிராக்களையும் ரவுட்டர்களையும் தன் சேனையில் சேர்த்துக்கொண்டது. அந்தச் சேனை 2016 அக்டோபர் 21 அன்று அமெரிக்காவின் கீழ்க்கரையில் இணையத்தையே ஸ்தம்பிக்கச் செய்தது. அதன் கிளை ஒன்று அடுத்த மாதம் ஜெர்மனியில் 9 லட்சம் வீடுகளின் இணைப்பை அறுத்தது. பிரேஸில் தேசத்தில் நடந்ததோ இன்னும் நூதனம். அங்கே 45 லட்சம் மோடம்களில் விலாசப் புத்தகத்தை மாத்திரம் மாற்றி வைத்துவிட்டார்கள். பாங்கின் பெயரை ஒருவர் சரியாகவே அடித்தாலும், போய்ச் சேர்ந்த இடம் திருடன் கட்டிய பொய்ப் பாங்காக இருந்தது.

ஆகவே, கேட்பாரற்றுக் கிடக்கும் ஒரு ரவுட்டர் அதன் சொந்தக்காரரை மாத்திரம் பாதிக்கிற சமாசாரம் அன்று. ஊராருக்குக் கேடு விளைவிக்கும் வஸ்து ஒருவர் வீட்டில் இருக்கும்போது, ‘என் வீடு, என் இஷ்டம்’ என்ற நியாயம் முழுதாகச் செல்லாது. 2018 மே மாதத்தில், 54 தேசங்களில் குறைந்தது 5 லட்சம் ரவுட்டர்களில் ஒரு நிரல் குடியேறியிருப்பது வெளிவந்த சமயத்தில், அமெரிக்க சர்க்கார் ‘தயவு செய்து உங்கள் ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போடுங்கள்’ என்று தேசத்து ஜனங்கள் அனைவரையும் வேண்டிக்கொண்டது. வேண்டுகோளைக் கேட்டு எழுந்து போய் அணைத்துப் போட்டவர் எத்தனை பேர் இருப்பார்கள் என்பதை நம்மை வைத்தே நாம் ஊகித்துக்கொள்ளலாம். வேண்டிக் கேட்டுப் பலன் போதாதபோதுதான் கோர்ட்டு உத்தரவோடு உள்ளே போகும் வழக்கம் வளர்ந்தது. மூபாட்டுக்குச் சில வாரங்களுக்கு முன்பு, 2023 டிசம்பரில் டெக்ஸாஸ் மாகாணத்து நியாயஸ்தலம் கொடுத்த உத்தரவின் பேரில் நடந்த இன்னொரு பிரவேசம் சீன தேசத்து உளவாளிகளுக்கு எதிரானது. மின்சாரம், குடிநீர், போக்குவரத்து முதலிய ஜீவாதாரமான அமைப்புகளுக்குள் நுழைவதற்கு அவர்கள் சிஸ்கோ, நெட்கியர் கம்பெனிகளின் பழைய ரவுட்டர்களைப் படிக்கட்டாக்கிக் கொண்டிருந்தார்கள். கம்பெனிகளே கைகழுவிவிட்ட, இனிப் பழுது பார்ப்பதில்லை என்று அறிவித்துவிட்ட ரவுட்டர்கள் அவை. எஃப்.பி.ஐ. செய்த சிகிச்சையும், வீட்டுக்காரர் பெட்டியை ஒருமுறை அணைத்துப் போட்டால் கலைந்துவிடக்கூடிய சிகிச்சைதான். அணைத்துப் போடுவதையே சர்வரோக நிவாரணியாகக் கொண்டிருக்கும் நம்மவர்களுக்கு இது ஒரு விநோதமாகத் தோன்றும்.

ஜப்பான் தேசம் வேறொரு வழியில் போயிற்று. டோக்கியோ ஒலிம்பிக் பந்தயம் நெருங்கிய சமயத்தில், தேசத்திலுள்ள ரவுட்டர்களும் காமிராக்களும் எந்த நிலையில் இருக்கின்றன என்று சர்க்காரே கதவு கதவாகத் தள்ளிப் பார்த்துவிடுவது என்று தீர்மானித்து, பிறர் யந்திரத்தில் கடவுச்சொல்லை ஊகித்து நுழைவது அந்நாட்டில் குற்றமாதலால், 2018-இல் சட்டத்தைத் திருத்தி, தகவல் தொடர்பு ஆராய்ச்சி ஸ்தாபனமான என்.ஐ.சி.டி.க்கு மாத்திரம் ஐந்து வருஷ காலத்துக்கு விலக்குக் கொடுத்தார்கள். 2019 பிப்ரவரி 20 அன்று வேலை தொடங்கியது. சுமார் 20 கோடி இணைய விலாசங்களைச் சோதிப்பது உத்தேசம். ஒவ்வொரு வாசலிலும் சர்வசாதாரணமான நூறு கடவுச்சொற்களைப் போட்டுப் பார்ப்பார்கள். திறந்துகொண்டால் உள்ளே எதையும் தொடாமல், இணைப்புக் கொடுக்கும் கம்பெனிக்குத் தகவல் சொல்வார்கள். கம்பெனி வாடிக்கையாளருக்குக் கடிதம் எழுதும். முதல் கட்டமாகச் சுமார் 9 கோடி விலாசங்களைச் சோதித்து அதே வருஷம் ஜூன் மாதத்தில் வெளியிட்ட கணக்கில், திறந்துகொண்ட கதவுகளின் எண்ணிக்கை 147.

இந்த 147 என்ற எண்ணை நான் பல தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். பிறகு கடவுச்சொற்களின் பட்டியலை நீட்டியபோது எண்ணிக்கையும் வளர்ந்தது என்பது வாஸ்தவமே. இருந்தாலும், 147 வீடுகளில் தாழ் இல்லை என்று அறிவதற்காக 9 கோடி வாசல்களில் கை வைக்கும் அதிகாரத்தை ஒரு சர்க்கார் பெற்றுக்கொண்டது என்பதுதான் அந்த முதல் கட்டத்தின் கணக்கு. ஜப்பானிய அரசியல் சட்டத்தின் 21-ஆம் ஷரத்து கடிதப் போக்குவரத்தின் ரகசியத்தைக் காப்பாற்றுகிறது; அதற்கு இது பங்கம் அல்லவா என்று அந்நாட்டிலேயே பலர் ஆட்சேபித்தார்கள். சர்க்கார் நல்லெண்ணத்தோடுதான் செய்தது என்பதிலும், முன்கூட்டியே ஊரறியச் சொல்லிவிட்டுச் செய்தது என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. அமெரிக்க வழக்கம், நோய் கண்ட வீட்டை அடையாளம் கண்டுகொண்டு, ஒரு நியாயாதிபதியிடம் காரணம் காட்டி, அந்த வீட்டுக்கு மாத்திரம் போகிறது. ஜப்பானிய வழக்கம் பார்லிமெண்டில் ஒரு தடவை கை தூக்கிவிட்டு எல்லா வீட்டுக்கும் போகிறது. இரண்டில் முன்னதே நியாயத்துக்குக் கிட்டியது என்பது என் அபிப்பிராயம்.

மழைக்காலத்தில் நம் ஊர்களில் கொசுப்புழு ஒழிக்க வரும் சுகாதாரப் பணியாளர்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். பகல் வேளையில் கதவைத் தட்டுகிறார்கள். அடையாள அட்டை கழுத்தில் தொங்குகிறது. குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டையும் மாடியில் கிடக்கும் தேங்காய்ச் சிரட்டையையும் பார்த்து, தேங்கிய தண்ணீரை நம் கண்ணெதிரே கவிழ்த்துவிட்டு, தேதியைச் சுவரில் குறித்துவிட்டுப் போகிறார்கள். அவர்கள் பீரோவைத் திறப்பதில்லை. திறந்தால் மறுநாள் தெருவே பேசும். ரவுட்டரில் கொசுப்புழு இருக்கிறது என்று சர்க்கார் வந்தால் நானும் கதவைத் திறந்துவிடுவேன். ஆனால் கம்பி வழியாக வருகிறவருக்குக் கழுத்தில் அட்டை இல்லை, சுவரில் குறிக்கும் தேதி இல்லை, அவர் கவிழ்த்தது சிரட்டையா, திறந்தது பீரோவா என்று பார்த்துக்கொண்டிருக்க வீட்டில் ஆளும் இல்லை. ஆகையினால்தான் அட்டைக்கும் தேதிக்கும் சமானமான ஏற்பாடுகளைச் சட்டம் முன்னதாகவே எழுதி வைக்க வேண்டியிருக்கிறது.

பீரோவைத் திறப்பார்களா என்று சந்தேகிப்பது வீண் பயம் என்று கருதுகிறவர்கள், இதே அமெரிக்க சர்க்காரின் இன்னொரு கையையும் கவனிக்க வேண்டும். ரவுட்டர்கள் கப்பலேறும் வழியில் பார்சல்களை மடக்கிப் பிரித்து, உள்ளே உளவுக் கருவியைப் புகுத்தி, மறுபடி ஒட்டி அனுப்பும் அந்நாட்டு என்.எஸ்.ஏ. உளவு ஸ்தாபனத்துச் சிப்பந்திகளின் புகைப்படம், எட்வர்ட் ஸ்னோடன் கொணர்ந்த ஆவணங்களிலிருந்து 2014-இல் வெளியாயிற்று. வீட்டு ரவுட்டர்களின் மூல நிரலையே மாற்றி, அதன் வழியே போவதையெல்லாம் கண்காணிக்கும் ‘செர்ரி பிளாஸம்’ என்ற கருவியைப் பற்றிய சி.ஐ.ஏ. ஆவணங்களை 2017 ஜூனில் விக்கிலீக்ஸ் வெளியிட்டது. ஓட்டையை அடைக்க ஒரு இலாகாவும், அதே ஓட்டையைப் பத்திரமாக வைத்துக்கொள்ள இன்னொரு இலாகாவும் ஒரே கஜானாவிலிருந்து சம்பளம் வாங்குவது எந்த வல்லரசிலும் நடக்கிற காரியம்.

நியாயாதிபதியின் கையெழுத்து ஒன்றே போதும் என்று சொல்லவும் நான் தயாராக இல்லை. 1765-இல், இங்கிலாந்து மன்னரின் ஆட்கள் ஜான் என்டிக் என்ற பத்திரிகை எழுத்தாளரின் வீட்டில் புகுந்து காகிதங்களை அள்ளிச் சென்ற வழக்கில், நியாயாதிபதி காம்டன் பிரபு, மந்திரி எழுதிக் கொடுத்த பொது வாரண்டு சட்டத்தில் இல்லாதது என்று தீர்ப்புச் சொன்னார். ஆங்கிலம் பேசும் தேசங்களின் சட்டமெல்லாம் அந்த அஸ்திவாரத்தின் மேல் நிற்கிறது. 2016 டிசம்பர் 1 முதல் அமலுக்கு வந்த ஒரு விதித் திருத்தத்தின்படி, ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட ஜில்லாக்களில் யந்திரங்கள் பழுதாகியிருந்தால், ஒரே நியாயாதிபதி ஒரே வாரண்டில் அத்தனைக்கும் அனுமதி கொடுக்கலாம் என்று அமெரிக்காவில் ஆயிற்று. பழைய பொது வாரண்டு வேறு வேஷத்தில் வருவது போன்ற இந்தத் திருத்தத்தைச் செனட்டர் ரான் வைடன் அப்போதே எதிர்த்தார். அவர் எதிர்ப்பில் நியாயம் உண்டு. ஆனாலும் அங்கே ஒரு காகிதம் இருக்கிறது, எஃப்.பி.ஐ. அதிகாரி பிரமாணம் செய்து எழுதிய காரணம் அதில் இருக்கிறது. என்ன கட்டளையை எந்த ரவுட்டருக்கு அனுப்பப் போகிறோம், எதைத் தொடமாட்டோம் என்பது அதில் இருக்கிறது. காரியம் முடிந்த பின் அதை யாரும் எடுத்துப் படிக்கலாம்.

நம் தேசத்தில் அந்தக் காகிதத்தைத் தேடினால் என்ன கிடைக்கும்?

2008 ஜூலை 26 அன்று, ஆமதாபாத்தில் குண்டுகள் வெடிப்பதற்குச் சில நிமிஷங்களுக்கு முன்னால் பத்திரிகைகளுக்கு வந்த மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் வாடகைக்குக் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் வீட்டு வைஃபை வழியாக அனுப்பப்பட்டிருந்தது. போலீஸார் வீட்டுக்கு வந்தார்கள், கம்ப்யூட்டர்களை எடுத்துச் சென்றார்கள், அவரை விசாரித்தார்கள். தாழிடாத வைஃபையைப் பயங்கரவாதிகள் வெளியிலிருந்து உபயோகித்தார்கள் என்பதும், அவர் நிரபராதி என்பதும் பின்னர் தெளிவாயிற்று. வீட்டு ரவுட்டருக்கும் தேசப் பாதுகாப்புக்கும் உள்ள சம்பந்தத்தை இந்திய சர்க்கார் உணர்ந்தது அன்றைக்குத்தான் என்று சொல்லலாம். போலீஸார் அன்று வாசல் வழியாக வந்தார்கள். அண்டை வீட்டார் பார்த்தார்கள், பத்திரிகைகள் எழுதின, ஆகவே அவரது நிரபராதித்துவமும் ஊரறிய நிரூபணமாயிற்று. கம்பி வழியாக வந்திருந்தால், சந்தேகம் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

கம்பி வழியாக வருவதற்கான சட்டமோ விசாலமானது. 2000-ஆம் வருஷத்துத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஆம் பிரிவு, எந்தக் கம்ப்யூட்டர் சாதனத்திலும் உண்டாகிற, கடக்கிற, தங்கியிருக்கிற எந்தத் தகவலையும் இடைமறிக்கவும் கண்காணிக்கவும் மறைமொழியை உடைக்கவும் உத்தரவிடலாம் என்கிறது. ஒத்துழைக்க மறுக்கிற சந்தாதாரருக்கு ஏழு வருஷம் வரை சிறைவாசம் உண்டு. 2023-ஆம் வருஷத்துத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு, 1885-ஆம் வருஷத்துத் தந்திச் சட்டத்தின் ஸ்தானத்தில் உட்கார்ந்துகொண்டு, ஏறக்குறைய அதே பழைய அதிகாரத்தைப் புதிய பாஷையில் கொடுக்கிறது. உத்தரவில் கையெழுத்துப் போடுகிறவர், டில்லியில் உள்துறைச் செயலாளர். சென்னையில் மாநில உள்துறைச் செயலாளர். போட்டது சரியா என்று பரிசீலிப்பது, டில்லியில் காபினெட் செயலாளரின் தலைமையிலும் சென்னையில் தலைமைச் செயலாளரின் தலைமையிலும் கூடுகிற கமிட்டி. கேட்பவர் அதிகாரி, கொடுப்பவர் அதிகாரி, சரிபார்ப்பவரும் அதிகாரி. நியாயாதிபதி என்று ஒருவர் இந்த வட்டத்துக்குள் எந்த இடத்திலும் இல்லை. சேகரித்த தகவலையும் உத்தரவையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அழித்துவிட வேண்டும் என்பது விதி. பிரஜைக்குச் சொல்ல வேண்டும் என்று விதி இல்லை.

மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த டெலிபோன் ஒட்டுக்கேட்பு வழக்கில், 1996 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டின் முன் மனுதாரர்கள் இதைத்தான் கேட்டார்கள்: நியாயாதிபதியின் முன் அனுமதி வேண்டும். சட்டம் அதற்கு இடம் வைக்காதபோது நாமாக அதை ஏற்படுத்த இயலாது என்று கோர்ட்டு ஒதுங்கிக்கொண்டு, பதிலாக இந்தப் பரிசீலனைக் கமிட்டியை ஏற்படுத்திக் கொடுத்தது. தற்காலிக ஏற்பாடாக வந்தது சாசுவதமாக நிலைத்துவிட்டது. அந்தக் கமிட்டியின் உழைப்பு எப்படிப்பட்டது என்பதை நீதிபதி ஸ்ரீகிருஷ்ணாவின் தலைமையில் அமைந்த நிபுணர் குழு 2018-இல் கொடுத்த அறிக்கையிலிருந்து அறிகிறோம். மத்திய சர்க்கார் மாதத்துக்கு 7,500 முதல் 9,000 வரை இடைமறிப்பு உத்தரவுகள் போடுவதாகத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பதில் கிடைத்திருக்கிறது. கமிட்டி கூடுவது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. ஆக ஒரு கூட்டத்தில் பார்க்க வேண்டியவை 15,000 முதல் 18,000 வரை. காபினெட் செயலாளர் வேறு வேலை எல்லாவற்றையும் விட்டுவிட்டு, சாப்பாட்டுக்கும் எழுந்திராமல் எட்டு மணி நேரம் உட்கார்ந்தாலும், நிமிஷத்துக்கு முப்பது உத்தரவுகளுக்கு மேல் பார்த்தாக வேண்டும். பக்கங்களைப் புரட்டுவதற்கே அந்த நேரம் போதாது.

கதவைத் தட்டுகிற அதிகாரத்தையே கட்டுக்குள் வைத்த தேசம் இது என்பதை நினைத்தால் வருத்தம் அதிகமாகிறது. உத்தரப் பிரதேசத்தில் கரக் சிங் என்பவரைப் போலீஸார் சந்தேகப் பட்டியலில் வைத்து, நடு இரவில் வந்து கதவைத் தட்டிக் கூப்பிட்டு எழுப்பிப் போவதை வழக்கமாகக் கொண்டிருந்தார்கள். அந்தரங்க உரிமை என்று தனியாக ஒன்று அரசியல் சட்டத்தில் இல்லை என்று கருதிய அந்தக் காலத்துச் சுப்ரீம் கோர்ட்டே, இந்த இரவு நேர வருகை மாத்திரம் செல்லாது என்று 1962 டிசம்பரில் தள்ளியது. அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று ஒன்பது நியாயாதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஏகமனதாகச் சொல்லியும் ஆயிற்று. சத்தம் போட்டுத் தட்டுவதைத் தடுத்திருக்கிறோம். சத்தமில்லாமல் நுழைவதற்குச் செயலாளர் ஒருவரின் கையெழுத்தே போதும் என்று விட்டிருக்கிறோம்.

கோர்ட்டுக்கு வந்தால் என்ன ஆகிறது என்பதற்கு நம் சென்னையிலேயே சமீபத்து உதாரணம் உண்டு. ஒரு லஞ்ச வழக்கில், கம்பெனி அதிகாரி ஒருவரின் டெலிபோனை ஒட்டுக்கேட்க உள்துறை அமைச்சகம் 2011-இல் போட்ட உத்தரவை, 2025-ஆம் ஆண்டு ஜூலையில் சென்னை ஹைகோர்ட்டு நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ரத்து செய்தார். பொது அவசர நிலையோ பொதுப் பாதுகாப்புக்கு அபாயமோ இருந்தாலன்றி இந்த அதிகாரம் எழாது. குற்றம் துப்பறிவதற்கெல்லாம் இதைப் பிரயோகிக்க முடியாது. மேலும் சேகரித்த விஷயத்தைப் பரிசீலனைக் கமிட்டியின் முன் வைக்கவே இல்லை என்பது தீர்ப்பின் சாரம். உத்தரவுக்கும் ரத்துக்கும் இடையே ஏறக்குறைய பதினான்கு வருஷம். இவருக்காவது வழக்கு வந்ததால் ஒட்டுக்கேட்டது தெரிந்தது. வழக்கே வராதவர்களுக்கு எது தெரியும், எதை ரத்து செய்யக் கேட்பார்கள்?

நியாயாதிபதியிடம் போய் நின்றால் காலதாமதம் ஆகும், அதற்குள் குண்டு வெடித்துவிடும் என்று அதிகாரிகள் சொல்லுவார்கள். அவசரத்தில் முதலில் உத்தரவு போட்டு ஏழு வேலை நாட்களுக்குள் உறுதி செய்துகொள்ளும் வழி இப்போதைய விதிகளிலேயே இருக்கிறது. உறுதி செய்கிறவர் செயலாளராக இருப்பதற்குப் பதிலாக ஜில்லா நீதிபதியாக இருந்தால் குண்டுக்கு என்ன லாபம் என்று தெரியவில்லை. மேலும் அதிகாரம் பெருகுகிற திசையையும் பார்க்க வேண்டும். 2025-ஆம் வருஷத்து வருமான வரிச் சட்டம், சோதனைக்கு வரும் அதிகாரி கடவுச்சொல் கிடைக்காவிட்டால் அதை மீறிக் கம்ப்யூட்டருக்குள்ளும் மின்வெளிக் கணக்குகளுக்குள்ளும் போகலாம் என்கிறது. தேசப் பாதுகாப்புக்கென்று எழுதிய அதிகாரம் வரி வசூலுக்கு வந்து சேர அதிக காலம் பிடிக்கவில்லை.

ஒரு விஷயத்தில் நம் சர்க்காரைப் பாராட்டவே வேண்டும். 2017 பிப்ரவரியில் தொடங்கிய சைபர் ஸ்வச்சதா கேந்திரம், தீய நிரல் குடியேறிய யந்திரங்களைக் கண்டால், இணைப்புக் கம்பெனி மூலம் சொந்தக்காரருக்குத் தகவல் சொல்லி, சுத்தம் செய்யும் கருவியை இலவசமாகக் கொடுக்கிறது. தானாக உள்ளே போவதில்லை. மரியாதையான வழி அது. ஆனால் நோயின் வேர் வீட்டில் இல்லை, கடையில் இருக்கிறது. எல்லாப் பெட்டிக்கும் ஒரே கடவுச்சொல்லைப் போட்டு விற்கிற கம்பெனியை விட்டுவிட்டு, வாங்கிய கிருஹஸ்தரைக் குறை சொல்லிப் பயன் இல்லை. கலிபோர்னியா மாகாணம் 2020 ஜனவரி முதல் ஒவ்வொரு யந்திரத்துக்கும் தனிக் கடவுச்சொல்லாவது, முதல் தடவையிலேயே மாற்றும் கட்டாயமாவது இருக்க வேண்டும் என்று சட்டம் செய்தது. பிரிட்டன் 2024 ஏப்ரல் 29 முதல் ஊரறிந்த கடவுச்சொல்லோடு விற்பதையே தடை செய்து, எத்தனை காலம் பழுது திருத்தித் தருவோம் என்பதையும் விற்கும்போதே சொல்லியாக வேண்டும் என்று விதித்து, மீறினால் ஒரு கோடி பவுன் அல்லது உலக வியாபாரத்தில் நூற்றுக்கு நான்கு, எது அதிகமோ அதுவரை அபராதம் என்றும் வைத்தது. நம் தொலைத்தொடர்பு இலாகாவும் பெங்களூரில் ஒரு மையம் வைத்து ரவுட்டர்களுக்குப் பாதுகாப்பு லட்சணங்களை வகுத்திருக்கிறது. அது கடைத்தெருவிலும், ஆணி அடிக்க வரும் பையனின் கையிலும் வந்து சேர வேண்டும். விற்கிறவனைக் கட்டினால், வீட்டுக்குள் வர வேண்டிய அவசியமே சர்க்காருக்குப் பாதி குறைந்துவிடும்.

வாசகர்கள் இன்று மாலையே பெட்டியைத் திருப்பி அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் பார்த்து, அதிலுள்ள கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளட்டும். அது நம் கையில் இருக்கிறது. 69-ஆம் பிரிவிலும் 20-ஆம் பிரிவிலும் நியாயாதிபதியின் முன் அனுமதியையும், விசாரணை முடிந்த பின் வீட்டுக்காரருக்கு எழுத்து மூலமான அறிவிப்பையும் சேர்ப்பது பார்லிமெண்டின் கையில் இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து லோக் சபைக்கு 39 பேரை அனுப்பியிருக்கிறோம். தனி அங்கத்தினர் மசோதா கொண்டுவரும் உரிமை மந்திரி அல்லாத அங்கத்தினர் ஒவ்வொருவருக்கும் உண்டு. அவர்களில் ஒருவராவது அடுத்த கூட்டத் தொடரில் அதைக் கொண்டுவர வேண்டும். கொண்டுவரும்படி அவரவர் தொகுதி அங்கத்தினருக்கு நாம் எழுத வேண்டும்.